படைப்புக்கு ஆள் இல்லை, பிள்ளையார்பட்டியில் நிற்க இடம் இல்லை: செட்டிநாட்டில் மதம் குறைகிறதா, கூடுகிறதா?

கோனாபட்டான்:
வணக்கம். இரண்டு வாரமாக மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் இது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஐப்பசிக் கடைசியில் எங்கள் வீட்டுப் படைப்புக்காக, அதாவது முன்னோருக்குப் படைக்கும் வழிபாட்டுக்காக, கோயம்புத்தூரிலிருந்து ஊருக்குப் போனேன். படைப்பு வீட்டைத் திறந்ததும் வவ்வால் வாடை. பேழையை இறக்கி, முன்னோர் துணிகளை எடுத்து உதறி, புதுப் புடவையும் வேட்டியும் வைத்தோம். அப்பத்தா இருந்த காலத்தில் அந்தப் பேழையில் கை வைக்கும்போது வளவே அடங்கிப் போய்விடும், சின்னப் பிள்ளைகள்கூட மூச்சு விடாது. இந்தத் தடவை 36 புள்ளிக் குடும்பங்களில் வந்தது எட்டு. மற்றவர்கள் பங்கைப் போனில் அனுப்பிவிட்டார்கள். பெரியாத்தா இலையில் சோறு வைத்துக்கொண்டே இன்னொரு கையில் போனைப் பிடித்து, யார் யார் பணம் வந்திருக்கிறது என்று பார்த்தார். பணம் ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்திருந்தது. உட்கார்ந்து சாப்பிடத்தான் ஆள் இல்லை. போட்ட இலையில் பாதியை மடித்து எடுத்து வைத்தோம்.

மறுநாள் பிள்ளையார்பட்டி போனேன். காரை எங்கோ நிறுத்திவிட்டு நடந்தேன். வரிசையில் ஒன்றரை மணி நேரம். முன்னால் நின்றவர்கள் ஓசூர், பின்னால் நின்றவர்கள் திருப்பூர். எல்லோர் முகத்திலும் உண்மையான பக்தி.

ஒரே வாரத்தில் இரண்டையும் பார்த்துவிட்டு எனக்குப் பிடிபடவில்லை. நவீன வாழ்க்கை வந்தால் மதம் தேயும் என்று படித்திருக்கிறேன். இங்கே தேய்வது எது, வளர்வது எது?

செக்காலை:
மதம் தேய்கிறது என்கிற பேச்சே தப்பு, தம்பி. நான் சின்னப் பையனாக இருந்தபோது மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் பால்குடம் என்றால் எங்கள் நாலு தெருச் சனம்தான். இப்போது மாசி பங்குனியில் வந்து பாருங்கள், காரைக்குடிக்குள் வண்டி நகராது. தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிற கூட்டம் வருசா வருசம் கூடுகிறது. ஐ.டி. வேலை பார்க்கிற பிள்ளைகள் லீவு போட்டு, கால் கொப்புளத்தோடு நடக்கிறார்கள். உங்கள் படைப்புக்கு ஆள் வராததற்குக் காரணம் தூரம். அதை மதத்தின் கணக்கில் எழுதாதீர்கள்.

ஓய்வு வாத்தியார்:
கோனாபட்டார் கேட்டது நல்ல கேள்வி. நான் கல்லூரியில் சமூகவியல் நடத்தியவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1917இல் ஜெர்மன் சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வேபர் மியூனிக்கில் பேசியபோது, அறிவியலும் கணக்கும் பெருகப் பெருக உலகத்திலிருந்து மாயம் விலகிவிடும் என்றார். இடி எப்படி இடிக்கிறது என்று நமக்கே தெரிந்திருக்கும் என்பதல்ல அவர் சொன்னது. தெரிந்துகொள்ள நினைத்தால் முடியும் என்ற எண்ணம் வந்துவிட்டாலே போதும், ஆவியையும் தேவதையையும் கூப்பிடத் தேவையில்லை என்றார். 1960களில் பீட்டர் பெர்கர் என்ற சமூகவியலாளர் இன்னும் ஒரு படி மேலே போய், நவீன சமூகத்தில் மதம் சுருங்கித்தான் தீரும் என்று எழுதினார். அதே பெர்கர் 1999இல் தான் சொன்னது தவறு, உலகம் முன்பு போலவே மதப்பற்றோடுதான் இருக்கிறது, சில இடங்களில் முன்பைவிட அதிகம் என்று ஒப்புக்கொண்டார். அறிஞர் ஒருவர் தன் பெயர் சொல்லும் கருத்தையே இப்படித் திருத்திக்கொள்வது பெரிய விஷயம்.

ஆனால் அவர் முதலில் சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை. இங்கிலாந்து, வேல்ஸ் 2021 கணக்கெடுப்பில் 37.2 சதவீதம் பேர் மதம் இல்லை என்று எழுதினார்கள், கிறிஸ்தவர் என்று எழுதியவர் 46.2 சதவீதம். இந்தியாவில் 2011இல் மதம் எதுவென்று குறிப்பிடாதவர்கள் 0.24 சதவீதம், சுமார் 29 லட்சம் பேர். ஒரே ரயில், ஒரே மின்சாரம், ஒரே கம்ப்யூட்டர். விளைவு மட்டும் வேறு.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க எனக்கு உதவியவர் ஹோசே கசனோவா என்ற இன்னொரு சமூகவியலாளர். 'மதம் குறைகிறது' என்று நாம் ஒரே வாயில் சொல்வதில் மூன்று தனித்தனி விஷயங்கள் கலந்திருக்கின்றன என்றார் 1994இல். ஒன்று, கல்வி, சட்டம், மருத்துவம், வணிகம் எல்லாம் மதத்தின் கையைவிட்டுப் பிரிந்து தனித்தனித் துறையாவது. இரண்டு, நம்பிக்கையும் வழிபாடும் குறைவது. மூன்று, மதம் தெருவை விட்டு வீட்டுக்குள் போவது. இதில் ஒன்று நடந்தால் மற்றதும் நடக்கும் என்று கட்டாயம் இல்லை.

இதை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் பர்மாவில் ரங்கூன், மோல்மேன் ஊர்களில் செட்டியார்கள் வைத்திருந்த வட்டிக் கடைகளில் வரவு செலவோடு மகமை என்று ஒரு கணக்கு ஓடும். வட்டிக் காசில் ஒரு பங்கு சாமிக்கு. அந்தக் காசில்தான் பாடல் பெற்ற தலங்கள் எத்தனையோ திருப்பணி கண்டன, பாடசாலை நடந்தது, சத்திரத்தில் சோறு போட்டார்கள். வணிகமும் கோயிலும் ஒரே பேரேட்டில் இருந்தன. 1930களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால்வாசி செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. 1942இல் ஜப்பான்காரன் வந்தான், போட்டது போட்டபடி ஓடி வந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு பர்மா அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது. மகமை ஊற்று வற்றியது. அதே சமயத்தில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். கோபுரத்துக்குப் போன கொடை ஆய்வகத்துக்கும் கல்லூரிக்கும் போனது. அழகப்பருக்குச் சாமி மேல் நம்பிக்கை குறைந்ததால் அல்ல. கொடை போகும் இடம் மாறியது, அவ்வளவுதான். கசனோவா சொன்ன முதல் விஷயம் இது. இரண்டாவது நடக்கவில்லை, மூன்றாவது தலைகீழாக நடக்கிறது. செக்காலையார் சொல்கிற பால்குடக் கூட்டமே அதற்குச் சாட்சி.

டேங்க் ரோடு:
சார், அருமை. நான் சிங்கப்பூரில் பதினாறு வருடம். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது, வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பிள்ளையார் நோன்பு அன்று இழை எடுக்காமல் இருந்ததில்லை.

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள், கோடி வேட்டியிலிருந்து, அதாவது புது வேட்டியிலிருந்து, நாளுக்கு ஓர் இழை எடுத்துச் சேர்ப்பார்கள். சஷ்டியும் சதயமும் கூடுகிற அன்று 21 இழையையும் திரியாக்கி, மாவில் பிடித்த பிள்ளையாரில் வைத்து நெய்யிட்டு ஏற்றி, வீட்டுப் பெரியவர் கொடுப்பார். சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கடலில் திசை தெரியாமல் தவித்த நாட்களை வேட்டி இழையை உருவி உருவி எண்ணினார்கள் என்று கதை.

சின்ன வயதில் பயம். அப்பச்சி முகத்துக்கு நேரே கொண்டு வருவார். உதட்டில் சூடு பட்டதும் வாயை மூடிவிட வேண்டும். சுடர் அணைந்து, நெய்யும் வெல்லமும் கருகின நூலும் நாக்கில் கலந்து ஒரு ருசி. அந்த ருசிக்காகத்தான் போகிறேனோ என்னவோ. பிரிட்டனில் கோயிலுக்குப் போகாமல் கடவுளை மட்டும் நம்புகிறவர்கள் நிறைய என்று கிரேஸ் டேவி என்கிற அம்மையார் எழுதியிருப்பதாகப் படித்தேன். நான் நேர்மாறு. நம்பவில்லை, சேர்ந்திருக்கிறேன். என்னைப் போல இங்கே பலர்.

பள்ளத்தூர் பேரன்:
நம்பாமல் சேர்ந்திருப்பது ஒரு வழி. நம்பாததால் விலகி நின்று விலை கொடுத்தவர்களையும் பேச வேண்டும். செட்டிநாடு என்றால் கோயிலும் கோபுரமும் மட்டும் இல்லை.

1917இல் காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம் ஆரம்பித்தார்கள். பாரதியே வந்து அதைப் பாடினார். அந்தச் சங்கத்தில் முன்னால் நின்ற சொ. முருகப்பா பிற்பாடு கைம்பெண் ஒருவரை மணந்து ஊரையே அதிர வைத்தார். 1930இல் எங்கள் பள்ளத்தூரில் பெரியார் தலைமையில் நீலாவதி – இராம. சுப்பிரமணியம் திருமணம் நடந்தது. ஐயர் இல்லை, ஓமம் இல்லை, தாலிக்கு நல்ல நேரம் பார்க்கவில்லை. மதத்தைச் சீர்திருத்த வந்தவர்களும் மதமே வேண்டாம் என்றவர்களும் அப்போது பக்கத்துப் பக்கத்துத் தெருவில்தான் இருந்தார்கள்.

இதெல்லாம் மேடைப் பேச்சோடு போகவில்லை. சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 1953இல் தீர்ப்புச் சொன்னது ஒரு செட்டியார் குடும்பத்து வழக்கில்தான். ஓமமும் ஏழடியும் இல்லை, பழைய வழக்கமும் இல்லை, ஆகவே திருமணமே இல்லை என்றார்கள். எங்கள் ஐயாவும் ஆயாவும் சடங்கில்லாமல் மணந்தவர்கள். அந்தத் தீர்ப்பு வந்த செய்தியைக் கேட்டு ஆயா ஒரு நாள் முழுக்க அடுப்பு மூட்டவில்லையாம். கையில் இரண்டு பிள்ளை, சட்டப்படி மனைவி இல்லை. அண்ணா ஆட்சியில் 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு கொண்டுவந்து, நடந்து முடிந்த திருமணங்களுக்கும் சேர்த்துச் செல்லும் என்று ஆக்கும்வரை அந்தப் பயம் வீட்டில் இருந்தது. மதச்சார்பின்மை என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அந்த மூட்டாத அடுப்புதான் ஞாபகம் வரும்.

செக்காலை:
பள்ளத்தூரார் சொல்வது மனதைத் தொட்டது. அதே சமயம் குன்றக்குடி அடிகளாரையும் சொல்லுங்கள். மடத்தின் தலைவர், ஆனால் பெரியாரோடு நட்பாக இருந்தார். குன்றக்குடிக்கு வந்த பெரியார் திருநீற்றை மறுக்காமல் ஏற்றுக்கொண்டார் என்று எங்கள் பக்கம் இன்றும் சொல்வார்கள். இரண்டு பேரும் தத்தம் கொள்கையை விடவில்லை.

பள்ளத்தூர் பேரன்:
உண்மை. அப்பேர்ப்பட்ட மடாதிபதியையும் அப்பேர்ப்பட்ட நாத்திகரையும் ஒரே மண் கொண்டாடியது. கண்ணதாசனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுகூடல்பட்டியில் பிறந்தவர். கழகத்தில் இருந்தபோது நாத்திகம் பேசினார், பிறகு இந்து மதத்துக்குத் தொடர் எழுதினார், கடைசியில் இயேசுவையும் பாடினார். ஒரே ஆளின் வாழ்க்கையில் இத்தனை திருப்பம்.

ஆத்தங்குடி ஆச்சி:
எல்லோரும் ஆண்களாகவே எழுதுகிறீர்கள் போல. நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

புள்ளி புள்ளி என்கிறீர்களே, அது என்ன? கல்யாணம் ஆன ஆண்பிள்ளையும் அவன் பெண்டாட்டியும் சேர்ந்தால் ஒரு புள்ளி. ஒருவர் போய்விட்டால் அரைப்புள்ளி. நான் எட்டு வருடமாக அரைப்புள்ளி. போன வருடம் வரி எழுதிக் கொடுத்த காகிதத்தில் என் பேருக்கு நேரே 'அரை' என்று பார்த்தேன். கணக்கு எழுதினவர் மேல் தப்பில்லை, வழக்கம் அப்படி. இருந்தாலும் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

என் மகள் பெங்களூரில் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள். நல்ல பிள்ளை. நம் வழக்கப்படி இரண்டு பேர் கோயிலிலிருந்தும் மாலை வந்தால்தான் கல்யாணம், இசைகுடிமானம் என்கிற திருமண ஒப்பந்தம் எழுதினால்தான் கணக்கு. அவளுக்கு மாலை வரவில்லை. நகரத்தாரின் ஒன்பது கோயிலில் எதிலும் அவர்களுக்குப் புள்ளி கிடையாது. சர்க்கார் ரிஜிஸ்தரில் அவள் மனைவி, கோயில் ஏட்டில் அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

அவளுக்கு பக்தி குறைந்துவிட்டதா? வெள்ளிக்கிழமை தவறாமல் கந்த சஷ்டி சொல்கிறாள். அங்கே வீட்டில் கற்பக விநாயகர் படம் வைத்திருக்கிறாள். வாத்தியார் சொன்ன மூன்று விஷயத்தில் இது எதில் சேரும்? நம்பிக்கை அவளிடம் அப்படியே இருக்கிறது, சேர்ந்திருக்கத்தான் விடமாட்டேன் என்கிறார்கள். சிங்கப்பூர் தம்பிக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் இழை கிடைக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி, உங்களைக் குறை சொல்லவில்லை.

டேங்க் ரோடு:
ஆச்சி, கோபமே இல்லை. நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு ஆபீஸில் வேலை ஓடவில்லை. நான் நம்பாமலே உள்ளே இருப்பதற்குக் காரணம் நான் ஆண்பிள்ளை, சொந்தத்தில் கட்டியவன் என்பதுதான். இத்தனை வருடம் அது எனக்கு உறைக்கவே இல்லை.

செக்காலை:
ஆச்சியின் வருத்தம் நியாயமானது. ஆனால் ஒன்று. இது எங்கள் சமூகம் தனக்குத் தானே போட்டுக்கொண்ட ஒழுங்கு. ஒரே கோயில் பங்காளிக்குள் பெண் எடுக்காமல் இருக்க இந்த ஏடுதான் காவல். நூற்றாண்டுக் கணக்காக ஒரு கலகம் இல்லாமல் நடந்திருக்கிறது. இதில் சட்டமும் கோர்ட்டும் நுழைந்தால் மிச்சம் எதுவும் இருக்காது. கோயில் விவகாரத்தைக் கோயிலோடு விடுவதுதானே மதச்சார்பின்மை?

தேவகோட்டைப் பக்கம்:
செக்காலை ஐயா, உங்கள் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். நான் நகரத்தார் இல்லை. கண்டதேவிக்குப் பக்கத்துக் கிராமம், தேவேந்திரர் வீட்டுப் பிள்ளை.

கண்டதேவி சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் ஆனித் தேரை உங்களுக்குத் தெரியும். உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இறகுசேரி, இந்த நாலு நாட்டாருக்குத்தான் வடத்தில் மரியாதை. நாங்கள் வடம் தொடக் கூடாது. எங்கள் அம்மா தேர் வருகிற திசையைப் பார்த்து, ரொம்ப தூரத்தில் ஒரு வேப்ப மரத்தடியில் நின்று தேங்காய் உடைப்பார். சூடத்தை உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். நான் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் போகலாம் என்று அழுவேன். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், கையை மட்டும் இறுக்குவார்.

1990களின் கடைசியில் வழக்குப் போட்டு உயர்நீதிமன்றம் எல்லோரும் இழுக்கலாம் என்றது. அதற்கப்புறம் போலீஸ் வளையம், 144 தடை உத்தரவு, எண்ணி எடுத்த ஆட்கள். பிறகு தேரே ஓடவில்லை. பதினைந்து வருடத்துக்கும் மேல் நின்று கிடந்து, புதுத் தேர் செய்து, 2024 ஜூனில்தான் ஓடியது. ஊர் முழுக்கப் போலீஸ். நான் போயிருந்தேன். அம்மா இல்லை.

எங்கள் சனம் யாரும் சாமி வேண்டாம் என்று சொல்லவில்லை ஐயா. வடம்தான் கேட்டோம். கோயில் விவகாரத்தைக் கோயிலோடு விட்டிருந்தால் என் அம்மா நின்ற இடத்தில்தான் என் மகளும் நிற்பாள். அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவே இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிட அரசுக்கு இடம் கொடுக்கிறது. எங்களுக்கு மதச்சார்பின்மை என்றால் பக்தி குறைவது இல்லை. பக்தியோடு பக்கத்தில் போக முடிவது.

ஓய்வு வாத்தியார்:
இதைவிடத் தெளிவாக என் வகுப்பில் நான் சொன்னதில்லை. ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். பிரான்சு 1905இல் சட்டம் போட்டுத் திருச்சபையையும் அரசையும் பிரித்தது. சென்னை மாகாணம் 1927இல் சட்டம் போட்டுக் கோயில் நிர்வாகத்துக்குள் அரசைக் கொண்டுவந்தது. 1947இல் இன்னொரு சட்டம் கோயில் கதவைத் திறந்தது. அங்கே மதச்சார்பின்மை என்றால் அரசு விலகி நிற்பது. இங்கே உள்ளே போய்க் கதவைத் திறந்துவிடுவதும் அதில் அடக்கம். அங்கே எழுதின புத்தகத்தை வைத்து நம் ஊரை அளந்தால் அளவு சரியாக வராது.

கோனாபட்டார் முதலில் கேட்டதற்கும் இதில்தான் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தேய்வது கட்டாயம். பிறந்ததால் வந்த கடமை, பங்காளி என்பதால் வந்து உட்கார வேண்டிய இலை, இது தேய்கிறது. வளர்வது விருப்பம். ஓசூர்க்காரர் தானாகத் தேர்ந்தெடுத்துப் பிள்ளையார்பட்டிக்கு வருகிறார், அவரிடம் எந்த ஏடும் வரி கேட்பதில்லை. கூட்டத்தை மட்டும் எண்ணினால் இந்த மாற்றம் கண்ணில் படாது.

செக்காலை:
தேவகோட்டைத் தம்பி, உங்கள் பதிவை நாலு தடவை படித்தேன். நான் எழுதிய கடைசி வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கோயில் ஏடு பற்றி எனக்கு இன்னும் வேறு கருத்துத்தான், அது இருக்கட்டும். வடம் விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. அடுத்த ஆனிக்கு நான் கண்டதேவி வருகிறேன். எங்கே வந்து நின்றால் உங்களைப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

தேவகோட்டைப் பக்கம்:
வாங்க ஐயா. வெயிலுக்கு முன்னால் வந்துவிடுங்கள். ஊருணிக் கரையில் நிற்பேன்.

கோனாபட்டான்:
இத்தனை நாள் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். நோன்புக்கு ஊருக்குப் போய்வந்தேன், நடந்ததை எழுதுகிறேன்.

வாத்தியார் சொன்ன கட்டாயம், விருப்பம் இரண்டையும் யோசித்தபடியே போனேன். எங்கள் சின்னப்பச்சி மகளும் ஆச்சியின் மகளைப் போலத்தான், வெளியில் கட்டியவள். ஆறு வருடமாக ஊருக்கு வருவதில்லை. நான்தான் போன் செய்து கூப்பிட்டேன். வந்தாள், புருசனையும் கூட்டிக்கொண்டு. முகப்பிலேயே நின்றார்கள், இரண்டாம் கட்டுக்கு வரத் தயக்கம்.

ஆவாரம்பூ, பொரி எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. பெரியாத்தா மாவு பிடித்துக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஒரு திரி, முன்னமே எண்ணி முறுக்கி வைத்திருந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரி இருந்தால் அவளுக்கு இரண்டு. தட்டைப் பார்த்தார், முகப்பைப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். கோடி வேட்டியைக் கொண்டுவந்து மடியில் போட்டுக்கொண்டு இழையை உருவ ஆரம்பித்தார். 21 இழை, ஒவ்வொன்றாக. நூல் இடையில் அறும், மறுபடி நுனி தேடி எடுப்பார். யாரும் பேசவில்லை. கால் மணி நேரம் ஆகியிருக்கும். திரியை நெய்யில் தோய்த்து வைத்துவிட்டு, "மாப்பிள்ளை எங்கே, நெய் ஆறுகிறது, வரச் சொல்லு" என்றார்.

பெரியப்பச்சி கொடுத்தார். அந்தப் பையன் பழக்கமில்லாமல் உதட்டைச் சுட்டுக்கொண்டான். அவள் சிரித்துவிட்டு அழுதாள்.

கோயிலில் இன்னமும் அவர்கள் பெயர் ஏறவில்லை. அதற்கு எங்கள் கோயில் இருக்கிற மாத்தூரில் பேச வேண்டும், நானும் இரண்டு பங்காளிகளும் பேசலாம் என்றிருக்கிறோம். பேழைத் துணியை இந்தத் தடவை வெயிலில் காயவைத்துவிட்டு வந்தேன், வவ்வால் வாடை போய்விட்டது.

ஆத்தங்குடி ஆச்சி:
தம்பி, உங்கள் பெரியாத்தாவை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். மாத்தூரில் பேசப் போகிற அன்று எனக்கும் ஒரு சேதி போடுங்கள், நானும் வருகிறேன்.